கடலுக்கு ஒரு லைன்

பத்து மணிக்கு நிலையத்தைப் பார்வையிட டெல்லிக்காரர்கள் வருவதாக இருந்தது. ஒன்பதே முக்காலுக்கு அச்சு இயந்திரம் ஆண்டறிக்கையின் நாலாம் பக்கத்தில் நின்று, யோசித்து, ஓர் எழுத்து அடித்து, மறுபடி நின்றது. மோசஸுக்குக் காரணம் தெரியும். கடல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்த அளவை நிலையத்துக்கு எழுபத்தாறில் கம்ப்யூட்டர் மூன்று லாரிகளில் வந்தது. இரண்டில் இயந்திரம், மூன்றாவதில் அதை எப்படித் திறப்பது என்று எழுதிய காகிதம். அதற்காகப் போட்ட ஏ.சி. குளிரில் கொசுக்கள் கடிப்பதை விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் வெயில் காய்ந்தன. சாட்சி உண்டு.

செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மோசஸின் வேலை, மற்ற நிரல்களையெல்லாம் மேய்க்கிற கெர்னலை எழுதுவது. அதிலும் இன்டரப்ட்: ஓடுகிற வேலையை யார் நிறுத்தலாம், யார் காத்திருக்க வேண்டும் என்று வரிசை வைப்பது. பெரிய வீட்டுக் கல்யாணங்களில் எல்லாப் பந்தியும் எழுந்த பிறகு சாப்பிட்டவர் அவன் அப்பா. வரிசை போடும் அதிகாரம் மகன் கைக்கு வந்ததும் அவன் அச்சு இயந்திரத்தைப் பின்னால் தள்ளிக் கடலை முன்னால் உட்காரவைத்தான்.

பக்கத்து மீனவக் குப்பத்துக் கடலில் ஒரு கம்பம், அதில் ஒரு மிதவை, அங்கிருந்து நிலையம்வரை ஓர் ஒயர். ஒவ்வொரு அலைக்கும் அது ஒரு தட்டு தட்டும். இயந்திரம் கைவேலையை வைத்துவிட்டு உயரம் பார்க்கும். அளவு மீறியிருந்தால் குப்பத்தில் மணியடிக்கும். கட்டுமரங்களை மேலே இழுத்துக்கொள்ளலாம்.

போன மாதம் குப்பத்துப் பெரியவர் தாண்டவராயன் வந்து விசாரித்தார்.

"இன்னா மோசஸு, உன் பொட்டி அலையெல்லாம் பாத்துக்கினு கீதாமே. தூங்கிடாது?"

"தூங்காதுண்ணாத்த."

"அப்ப மரத்துக்குக் காவலாளு வாணாமா?"

"வாணாம்."

இன்று சவுக்குத் தோப்புக்குப் பின்னால் அவர் மகள் வச்சலாவுக்குக் கல்யாணம். குப்பமே பந்தலில். கரையில் ஒரு ஆள் இல்லை.

"மோசஸ், அந்தக் கடல் லைனை மூடு" என்றார் அதிகாரி பாலசுப்ரமணியன். "அறிக்கை இப்படித் திக்கித் திக்கி வந்தா மானம் போயிடும்."

"சார், மூடினா குப்பத்துல மணி..."

"அரை நாள்தானே? கடல் எங்க போயிடப்போறது?"

மோசஸின் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் ஆறு மாதமாக அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. கடல் லைனுக்கு ஒன்று இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டான் மோசஸ். அச்சு இயந்திரம் உற்சாகமாகக் கடகடத்தது. குப்பத்துக்கு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும் என்று அவன் எழுந்தபோது டெல்லிக்காரர்கள் உள்ளே வந்தார்கள். குளிர் போய்விடாமல் கதவைச் சாத்தினார்கள்.

முந்நூறு பக்கம். ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. விருந்தாளிகள் சாப்பிடப் போனதும் மோசஸ் பூஜ்யத்தை ஒன்றாக்கினான். மூடியிருந்தபோது கடல் எத்தனை முறை தட்டியது என்று எண்ணி வைக்க இயந்திரத்தில் இடமில்லை. தட்டியது என்பது மட்டும் நினைவிருக்கும். கடைசி உயரமும் இருக்கும். அது அளவைவிட நாலடி அதிகம். குப்பத்தில் மணி ஒரு முறை அடித்தது.

மோசஸ் இரண்டு மைலும் ஓடினான்.

தண்ணீர் மேடுவரை வந்து திரும்பியிருந்தது. கட்டுமரங்கள் நின்ற இடத்தில் ஈர மணல். கடல் கயிறுகளைப் பொறுமையாக அவிழ்த்திருக்க வேண்டும். மரங்கள் தனித்தனியாகத் தொலைவில் உருண்டன. கம்பத்தையும் காணோம். நிலையத்துக்குப் போகும் ஒயர் அறுந்து, நுனி மணலில் கிடந்தது.

மணி கேட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள் சோற்றுக் கையோடு நின்றார்கள். தாண்டவராயன் புது வேட்டி நனைய அவனிடம் வந்தார்.

"அடிச்சிச்சிப்பா, உன் பொட்டி. நாங்கதான் சுருக்கா வரல."

மோசஸ் வாயைத் திறந்தான்.

"இன்னும் ஏறுச்சின்னா மறுபடி அடிக்குமில்ல?" என்றார் அவர். பதிலுக்குக் காத்திராமல் திரும்பி, "வூட்டுச் சாமான எடுக்க அவசரப்படாதீங்க. மணி அடிக்கட்டும்" என்று கூவினார்.

மணப்பெண் உட்பட எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணியையே அண்ணாந்து பார்த்து நின்றார்கள்.