முகவரி கேட்ட மசோதா

காயம்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் தங்கிக்கொள்ள, டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகளை நடத்திவந்தது மேனுகா வேலைபார்த்த தொண்டு அமைப்பு. அப்போது அங்கே இருந்தவர் நூர்தீன் என்ற ஊழியர் மட்டும்தான். ஜூரோங் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு சரிந்து வலக்கை நசுங்கியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பே அவரை ஊருக்கு விமானம் ஏற்றிவிட முதலாளி ஆள் அனுப்பியதால், தங்கும் விடுதியிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அரசாங்கத்தின் மனிதவள அமைச்சு ஒரு மசோதாவின் வரைவை வெளியிட்டு, தொண்டு அமைப்புகளிடம் கருத்துக் கேட்டது. ஊழியர் நலனுக்கான மசோதாதான். ஆனால் அதில் ஒரு பிரிவை மேனுகா இரண்டு முறை படித்தாள். ஊழியருக்கு இடம் கொடுக்கும் அமைப்பு, அந்த முகவரியை உடனே முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டுமாம்.

அமைப்பின் தலைவர் பேரின்பநாயகம் பயந்துபோனார்.

"யோசி மேனுகா. நம்ம பதிவு ரினியூவலுக்குப் போயிருக்கு. பெரிய அமைப்புங்க எல்லாம் சப்போர்ட்னு சொல்லிட்டாங்க. நாம மட்டும் ஏன் தலைய நீட்டணும்?"

"அப்ப நூர்தீன் அண்ணன எங்க அனுப்புறது, அங்கிள்?"

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மேனுகாவும் பேரின்பநாயகமும் அமைச்சின் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது நூர்தீன் படிக்கட்டு வரை வந்தார். "என் பேர மட்டும் சொல்லிடாதீங்கம்மா. தெரிஞ்சா தூக்கிட்டுப் போயிருவாங்க."

"சொல்ல மாட்டேன் அண்ணே," என்றாள்.

கூட்டத்தில் ஒவ்வோர் அமைப்பாக மசோதாவைப் பாராட்டியது. மேனுகாவின் முறை வந்தது. அந்தப் பிரிவை நீக்க வேண்டும் என்றாள். அமைச்சின் அதிகாரி சாதியா கோபப்படவில்லை. கனிவாகவே ஆங்கிலத்தில் கேட்டார்.

"இதனால் பாதிக்கப்படக்கூடிய ஒருவரையாவது சொல்ல முடியுமா?"

பெயரைச் சொன்னால் அவள் வாதம் ஜெயித்துவிடும். ஆனால் நூர்தீனுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"ஒருவர் இருக்கிறார்," என்றாள். "பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் எங்கே இருக்கிறார் என்று வெளியே தெரிந்தால் அவருக்கு ஆபத்து. அதைத்தான் இந்தப் பிரிவு எங்களைச் சொல்லச் சொல்கிறது."

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. பேரின்பநாயகம் எழுந்து நின்றிருந்தார்.

"இது அவருடைய சொந்தக் கருத்து அல்ல. எங்கள் அமைப்பின் கருத்து," என்றார்.

சாதியா எதையோ குறித்துக்கொண்டார். எதை என்று தெரியவில்லை.

எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது, "பயமா இருக்கு லா," என்றார் பேரின்பநாயகம்.

"எனக்கும்தான் அங்கிள்."

அதன்பின் அமைப்பின் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் மேனுகாவுக்கு எடுக்கத் தயக்கமாக இருந்தது. பதிவு புதுப்பிக்கப்பட்டு வந்தபிறகும் அந்தத் தயக்கம் போகவில்லை.

மசோதா சட்டமானபோது அந்தப் பிரிவு மாறியிருந்தது. முகவரியை அமைச்சிடம் மட்டும் தெரிவித்தால் போதும். நூர்தீனுக்கு அதற்குள் அறுவை சிகிச்சை முடிந்து, இரண்டு விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன. மேனுகா அவரை உட்கார வைத்து விளக்கினாள்.

கவனமாகக் கேட்டார்.

"அமைச்சுல இருந்து அவங்களுக்குப் போகாதுல்லம்மா?"

"சட்டப்படி போகக்கூடாது அண்ணே."

நூர்தீன் தலையாட்டினார். பிறகு எழுந்துபோய்க் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இடக்கையால் இழுத்துப் பார்த்தார்.