கறை படியாத எண்ணெய்

வேல்குமாரைப் பொறுத்தவரை உலகத்தில் எந்த இயந்திரமும் தானாகத் தேய்ந்து சாவதில்லை. தடித்த எண்ணெயை ஊற்றி மனிதர்கள்தான் அதைக் கொல்கிறார்கள்.

வீரபாண்டியில் அவனுக்கு ஒரு நிட்டிங் யூனிட் இருந்தது. பனியன் துணி பின்னும் வட்ட இயந்திரத்தில் ஒரு பெரிய உருளை உண்டு. அதைச் சுற்றிலும் நெருக்கமாகக் காடிகள் என்ற மெல்லிய பள்ளங்கள், காடிக்கு ஓர் ஊசி. உருளை சுழலச் சுழல ஊசிகள் மேலேறி இறங்கி, நூலைக் கொக்கியில் பிடித்துக் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டே போகும். அந்தக் காடிகளுக்குள் எண்ணெய் நுழைய வேண்டும். அதே எண்ணெய் துணியில் தெறித்தால் சாயப்பட்டறையில் ஓர் அலசலில் போய்விடவும் வேண்டும். அதனால்தான் நிட்டிங் ஆயிலைத் தண்ணீர் போல மெல்லியதாகவும் நிறமில்லாமலும் செய்கிறார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டால் மணிக்கட்டைத் தாண்டி ஓடும். அதைவிட உயர்ந்த பொருளை மனிதன் செய்ததில்லை என்பது வேல்குமாரின் முடிவு. மெக்கானிக்குகள் விற்கும் கரிய கொழகொழப்பை அவன் எண்ணெய் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

மடத்துக்குளத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் மட்டைகளுக்கு அடியில் கிடந்த பழைய ஃபோர் வீல் ஜீப்பை வாங்கி வந்து, வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் அவன் பிரித்துப் போட்டது இந்த நம்பிக்கையோடுதான். யாரிடமும் கொடுக்கவில்லை. தங்கை புருஷன் அருள்செல்வனும் அதே மாதிரி ஜீப் ஒன்று வைத்திருந்தான். கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் விட்டு, வேலை முடிந்ததும் போய் ஓட்டிக்கொண்டு வந்தான். வந்த அன்றே கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பானட்டில் சாய்ந்து நின்று படம் எடுத்து, தானே உயிர் கொடுத்ததாக ஊருக்கெல்லாம் அனுப்பினான். வண்டிக்குள் கியர் தடிக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு சின்னத் தடிகள் எதற்கு என்று கேட்டபோது, ஒன்று நான்கு சக்கரத்துக்கு என்றும், இன்னொன்று ஸ்பேர் என்றும் சொன்னான். அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் வேல்குமாருக்கு உடம்பில் ஒரு குளிர்ச்சி பரவும்.

அவன் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு செய்தான். போல்ட்டுகளை அளவுவாரியாகப் பாலி பைகளில் போட்டு எஸ், எம், எல் என்று ஸ்டிக்கர் ஒட்டினான். பல் சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி வெள்ளை பனியன் வேஸ்ட்டால் துடைத்தான். கேட்பவர்கள் இருந்தால் விளக்கவும் செய்தான். கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கும். எஞ்சினின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்புவது அதுதான். ஒரு தடி முன் சக்கரங்களைச் சேர்க்கும். மற்றது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. அந்தப் பெட்டியின் பின்பக்கம், பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டின் தொடக்கத்தில் ஒரு டிரம்மாக உட்கார்ந்திருக்கும். தண்டைப் பிடித்துவிட்டால் வண்டி நின்றுவிடும். எத்தனை அழகான ஏற்பாடு என்று அவன் சொல்லும்போது, கேட்பவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் அவன் மன்னித்ததில்லை.

எல்லாம் பூட்டி முடித்து, இரண்டு பெட்டிகளிலும் யூனிட்டிலிருந்து கொண்டுவந்த நிட்டிங் ஆயிலை ஊற்றினான். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. அருள்செல்வனின் வண்டியில் காலையில் கியர் போட இரண்டு கையும் வேண்டியிருக்கும்.

சில நாளில் ஜீப்புக்கு அடியில் விரித்திருந்த அட்டை நனைந்திருப்பதை அவன் மனைவி ஜெயசுதா பார்த்தாள். தொட்டுப் பார்த்து, வழுவழுவென்று இருக்கிறதே என்றாள். வண்டி கழுவின சோப்புத் தண்ணீர் என்றான். அவள் முகர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்க, இது நம்ம யூனிட் வாசமாட்ட இருக்குதுங்க.”

“பனியன் வேஸ்ட் வாசம் அது. நீ போய் செக்கிங் டேபிளப் பாரு சுதா. ஊசி விட்டுப்போன துணியக் கண்டுபுடி, அது போதும்.”

அவள் போய்விட்டாள். யூனிட்டில் பின்னி வரும் துணியை விரித்துக் குறை பார்ப்பது அவள்தான். அவளோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அவள் ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்வதில்லை.

குன்னத்தூர்ப் பக்கம் வேல்குமாரின் சொந்த ஊரில் ஒரு கரடு, அதன் உச்சியில் முருகன் கோயில். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து தீர்த்தக் குடங்கள் வரும். கரட்டின் மேலே அவற்றை ஏற்றுவது அப்புசாமியின் டிராக்டர். யார் வண்டியில் தீர்த்தம் ஏறுகிறதோ அவருக்குத்தான் முதல் பரிவட்டம். இந்த வருஷம் தன் ஜீப்பில்தான் ஏற வேண்டும் என்று வேல்குமார் ஊர்க் கூட்டத்தில் பேசி வாங்கிவிட்டான். டிராக்டரில் சாமி தீர்த்தம் போவது தனக்குச் சாணி வண்டியை நினைவுபடுத்துகிறது என்று சொன்னான். அருள்செல்வன் மட்டும், வண்டி ஏறாவிட்டால் தன் ஜீப் இருக்கிறது என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே வேல்குமார் ஏறியாக வேண்டியிருந்தது.

உத்திரத்தன்று ஜீப் ஏறியது, அதுவும் ஒரு குலுக்கல் இல்லாமல். முன்னால் தப்பட்டை மேளம், பின்னிருக்கையில் குடங்களை மடியில் பிடித்தபடி மூன்று பெண்கள், பக்கத்தில் கருப்புக் கண்ணாடியோடு அருள்செல்வன். நீண்ட தூரம் ஓடி வந்த பெட்டி, கீழ் கியரில் மேடேறும்போது நன்றாகச் சூடாகியிருந்தது. பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், அப்புசாமியின் டிராக்டர் உருமிக்கொண்டு வந்தது.

பாதி மலையில், வளைவில், கன்னிமார் கல் இருக்கிறது. அங்கே எந்த வண்டியும் எஞ்சினை அணைத்து நிற்க வேண்டும். வண்டிக்காரர் இறங்கித் தேங்காய் உடைத்த பிறகே மேலே போகலாம். சரியான சரிவு அது. அதனால் அங்கே நிற்கும் வண்டியின் சக்கரத்துக்குக் கல் கொடுப்பது வழக்கம். தப்பட்டைக்காரர் ஒருவர் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அதெல்லாம் மாட்டு வண்டிக்குங்க” என்று வேல்குமார் கல்லைக் காலால் ஒதுக்கித் தள்ளினான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான்.

“கியர்ல போட்டாச்சும் நிறுத்துங்க மச்சான்” என்றான் அருள்செல்வன்.

“பிரேக் எங்க இருக்குதுன்னு தெரியாதவங்க கியர்ல போடுவாங்க மாப்பிள்ள. எனக்குத் தெரியும்.”

கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினான். வண்டி நின்றது. எல்லாரும் பார்க்கும்படி ஒரு கணம் கைகட்டி நின்றான். பிறகு தேங்காயை ஓங்கினான்.

தேங்காய் உடைந்தது. அதே நேரத்தில் ஜீப் சத்தமே இல்லாமல், ஏதோ நினைவுக்கு வந்தவர் திரும்பிப் போவது போல, பின்னால் நகர்ந்தது. பெண்கள் கத்தினார்கள். அருள்செல்வன் கால் பிரேக்குக்குத் தாவாமல் கண்ணாடியைக் கழற்றினான். ஜீப் போய் டிராக்டரின் முன் கம்பியில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. இரண்டு குடம் மடியில் சாய்ந்து காலியாகிவிட்டது. ஒன்றில் பாதி மிஞ்சியது.

அப்புசாமி டிராக்டரிலிருந்து மெதுவாக இறங்கி, முதலில் தன் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

“இதுக்குத்தானுங்க தம்பி பொறத்தாலயே வந்தேன்” என்றார். பெண்கள் பாதிக் குடத்தோடு டிராக்டரில் ஏறினார்கள். ஜீப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, தப்பட்டை மறுபடி தொடங்க, ஊர்வலம் வளைவைத் தாண்டி மேலே போய்விட்டது.

வேல்குமார் வேட்டியோடு ஜீப்புக்கு அடியில் புகுந்தான். டிரம்மின் கீழ் விளிம்பில் தெளிவாக, நிறமில்லாமல், ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அடுத்தது திரண்டது. அவனுக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சுற்றும் தண்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்க ஒரு வளையம் உண்டு. கொழகொழவென்ற எண்ணெயைத் தடுக்கச் செய்த வளையம் அது. ஊசிக் காடிக்குள் நுழையச் செய்த எண்ணெய்க்கு அது ஒரு தடையே இல்லை. சூட்டில் இன்னும் இளகி, வளையத்தைத் தாண்டி, நேராக டிரம்முக்குள் போய், பிரேக் கட்டைகளுக்கு மேல் பூசிக்கொண்டது. பிறகு அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, உராய்வே இல்லாமல் ஆக்கியது. இவ்வளவு சுத்தமான ஒரு விளக்கம் கையில் இருந்தும், அதைச் சொல்ல ஆள் இல்லாமல் வேல்குமார் மல்லாந்து கிடந்தது வாழ்நாளில் அன்றுதான்.

அருள்செல்வன் குனிந்து பார்த்தான். “என்னங்க மச்சான் சொட்டுது?”

“தீர்த்தம்” என்றான் வேல்குமார். “மேல கொட்டுனதுதான் வடியுது.”

அருள்செல்வன் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை நீட்டி ஒரு சொட்டை ஏந்தினான். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். மிச்சத்தைத் தலையில் தடவினான். “வழவழங்குதுங்க” என்றான்.

“பால் கலந்திருப்பாங்க.”

கண் எரிகிறது என்று அருள்செல்வன் பிறகு சொன்னபோது, கற்பூரப் புகையாக இருக்கும் என்று அதற்கும் வேல்குமார் காரணம் வைத்திருந்தான். இப்படி ஒருவனிடமிருந்து தப்பித்ததில் அவனுக்குப் பெருமை ஒன்றுமில்லை. ஆனாலும் தப்பித்தது தப்பித்ததுதான்.

முதல் பரிவட்டம் அப்புசாமிக்குக் கட்டப்பட்டது. சாமிக்கு என்ன குறையோ, வண்டியைப் பின்னால் தள்ளிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வேல்குமார் அதை மறுக்கவில்லை. அடுத்த வருஷம் என்று அவன் வாயெடுத்தபோது, டிராக்டருக்கே சொல்லியாகிவிட்டது என்றார்கள்.

மறுநாள் காலையில் ஜெயசுதா அந்த வேட்டியைத் துவைத்தாள். பின்பக்கம் முழுக்க ஈரமாக எண்ணெய் ஊறியிருந்தது. ஒருமுறை சோப்புப் போட்டு அலசி, உதறி, பின்பக்கம் நசுங்கி நின்ற ஜீப்புக்கு மேலே போகும் கொடியில் விரித்தாள். வேல்குமார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வெயிலுக்கு நேராகத் துணியைப் பிடித்து, செக்கிங் டேபிளில் பார்ப்பதைப் போல மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“ஒரு பொட்டுக் கற இல்லீங்க” என்றாள். “நல்ல ஆயிலுங்க.”

“அதான், அந்த ஆயில்ல என்னன்னா...” என்று வேல்குமார் ஆர்வமாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் கிளிப்பை மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.