பச்சைத் தண்ணீர் போன வழி

நான் சின்னவன். வயது இருபத்தெட்டு. இப்போது இருப்பது பரீட்சை நடந்த ஆஸ்பத்திரிக்கு எதிரில், பஸ் நிறுத்தத்து இரும்பு பெஞ்சில். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். இதை அங்கே டாக்டரிடம் காட்டினாலும் காட்டுவீர்கள், அதனால் முறையாகத் தொடங்குகிறேன்.

வீட்டுக்குப் போன் அடித்து அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. இங்கே பகலானாலும் நம் ஊரில் இன்னும் விடியவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அதனால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் கன்னாபின்னா என்று எழுதுகிறது. நியூஸ் வாசிக்கிறவர் மாதிரி பேசினால்தான் மதிக்கிறது. சரி, நியூஸ் வாசிக்கிறேன். தங்கச்சி, சிரிக்காதே. மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசிய மாதிரியே கையால் தட்டியிருக்கிறேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் நான் தனியாகப் பேசுவதைப் பார்த்துவிட்டு எழுந்து தள்ளிப் போய் நிற்கிறார்.

விஷயம் அப்பாவைப் பற்றியது. அம்மா நேற்று அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் பரீட்சைக்குப் போகும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன்.

"அப்பாவுக்கு இருமல் சுத்தமா நின்னுடுச்சுடா சின்னவனே. தண்ணி குடிக்கறாரு, காபி குடிக்கறாரு, ஒரு செருமல்கூட இல்ல. சாயந்திரமானா உடம்பு லேசா கணகணங்குது, அது வெயிலுக்குத்தான். இனிமே அந்த டெஸ்ட் வேணாம்னுட்டாரு."

பின்னாலிருந்து அப்பாவின் குரலும் கேட்டது. "எவன்டா அவன் என் மூக்குல கேமரா விடறது?"

ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து எதைக் குடித்தாலும் அவருக்குப் புரையேறும். பார்க்கிற நமக்கு உயிர் போய் உயிர் வரும். அது நின்றுவிட்டது என்றதும் எனக்கும் மனசு லேசானது, பொய் சொல்லவில்லை. சித்தப்பா நம் குடும்ப குரூப்பில் கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பியிருந்தார். நானும் ஒன்று அனுப்பினேன்.

அப்பா மாட்டேன் என்கிற அதே டெஸ்டில்தான் எனக்கு இன்று பரீட்சை. சித்தப்பா ஊரெல்லாம் என்னைத் தொண்டை டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறார். நான் டாக்டர் இல்லை. பேச்சு போனவர்களுக்கும் விழுங்க முடியாதவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட். மூக்கு வழியாகக் கேமரா குழாயை இறக்கி, ஒருவர் விழுங்குவது எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துச் சொல்ல இங்கே தனிச் சான்றிதழ் வேண்டும். அது கிடைக்கும்வரை ஒரு சீனியர் தோளுக்குப் பின்னால் நின்றால்தான் நான் குழாயைத் தொடலாம்.

விண்ணப்பம் போட்டதே பெரிய கூத்து. செய்த டெஸ்டுகளுக்கெல்லாம் சீனியரிடம் கையெழுத்து வாங்க, அவர் சாப்பிடும் இடம், வண்டி நிறுத்தும் இடம் என்று பின்னாலேயே அலைந்தேன். "நீ என்ன என் நிழலா?" என்று திட்டிக்கொண்டே போட்டுக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் நீளமாக நிபந்தனைகள் இருந்தன. படித்தால் பயம் வரும் என்று படிக்காமல் டிக் அடித்துவிட்டேன். அதில் ஒன்று இது: பரீட்சைக்கு வருகிறவர்கள் முதலில் ஒருவர் மூக்கில் ஒருவர் குழாய் விட வேண்டும். இன்று காலை வரவேற்பில் இருந்த பெண் சொல்லித்தான் தெரியும். மற்றவர்கள் மூக்கில் எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன். "கொஞ்சம் கூச்சமா இருக்கும், அவ்வளவுதான்" என்று தினமும் சொல்லியிருக்கிறேன். என் மூக்கில் யாரும் விட்டதில்லை.

காலியான கையுறைப் பெட்டிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், தோளில் மூட்டை மாதிரி ஒரு பை. என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இறங்கலை மேடம்."

"நல்லதாப் போச்சு. என் மேல வாந்தி எடுக்க மாட்டீங்க. மேடம் கீடம் வேணாம் தம்பி, அக்கான்னு கூப்பிடு. மூக்குல குழாய் விடப் போறவ கிட்ட என்ன மரியாதை?"

போன வருஷமும் இதே பரீட்சைக்கு வந்தாராம். "எனக்கு ஜோடியா வந்தவன் பாதியில தும்மிட்டான். குழாய் வெளிய வந்து என் செருப்பு மேல விழுந்துச்சு. அவனுக்கு வெறும் ஜலதோஷம். எனக்கு ஒரு வருஷம் போச்சு. நீ தும்மினா உன்னை இங்கேயே புதைச்சிடுவேன்."

அறை சின்னது. பல் டாக்டரிடம் இருக்குமே, அப்படி ஒரு நாற்காலி. எதிரில் டிவி. மூலையில் தாடிக்காரர் ஒருவர், அவரும் தமிழர். அவர்தான் மார்க் போடுகிறவர். வணக்கம் சொன்னதற்குக்கூடத் தலையை மட்டும்தான் ஆட்டினார்.

குழாய் நூடுல்ஸைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நுனியில் ஜெல் தடவி அக்கா உள்ளே விட்டார். அப்பா, இதைக் கவனமாகக் கேளுங்கள். வலி இல்லை. குளத்தில் குதிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறுமே, அந்தக் காரம், அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் தானாக வழியும். அதை யாரும் அழுகை என்று நினைக்க மாட்டார்கள்.

என்னுடைய பிரச்சினை வேறு. பயத்தில் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தேன். விழுங்கும்போது தொண்டை சுருங்கிக் கேமராவைக் கவ்வும், திரை வெள்ளையாகிவிடும். அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை, நேரம் ஓடுகிறது.

"எச்சில் முழுங்காத தம்பி."

"முழுங்கலைக்கா."

"இப்ப முழுங்கினியே."

"அது தானா போகுதுக்கா."

"தானா போச்சுன்னா என் சர்ட்டிபிகேட்டும் தானா போயிடும்." அவர் குழாயைக் கொஞ்சம் பின்னால் இழுத்தது எனக்கு மூக்குக்குள் தெரிந்தது. என்னால் இன்னொருவர் தோற்கப் போகிறார் என்று நினைத்ததும் இன்னும் நாலு தடவை விழுங்கினேன்.

அவர் குழாயை அசைக்காமல் பிடித்துக்கொண்டார். பிறகு, "பேசு," என்றார். "பேசிக்கிட்டே யாராலயும் முழுங்க முடியாது. வீட்டுக்குப் போன் போட்டா என்ன சொல்லுவ? அதைச் சொல்லு, அந்த டிவியைப் பார்த்துக்கிட்டு."

"அம்மா," என்றேன்.

அம்மா, நான் உன்னைக் கூப்பிடுகிற சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று இன்றுதான் பார்த்தேன். ஈரமான சிவப்புக் குகை. நடுவில் முத்து நிறத்தில் இரண்டு சின்ன நாடாக்கள். மூச்சு விடும்போது கதவு மாதிரி விலகி நிற்கின்றன. பேச நினைத்தால் போதும், சேர்ந்துகொள்கின்றன. சேர்ந்து அதிர்கிற வேகத்தில் ஓரம் கண்ணுக்குப் பிடிபடவில்லை, பனி மூடின மாதிரி இருந்தது. 'அம்மா' என்று சொல்லி முடிக்கும்வரை பிரியவே இல்லை. 'அப்பா' என்றேன். நடுவில் ஒரு நொடி விலகி, மறுபடி ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. மறுபடியும் சொன்னேன், அப்படியேதான். புத்தகத்தில் படித்ததுதான், அடுத்தவர் தொண்டையில் நூறு தடவை பார்த்ததுதான். ஆனால் இது என்னுடையது. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமலே, நான் சொல்லாமலே இந்த வேலையைச் செய்துகொண்டு கிடந்திருக்கிறது.

"அப்பான்னா உங்க வீட்ல கொஞ்சம் தள்ளி நின்னுதான் பேசுவீங்க போல," என்றார் அக்கா. தாடிக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். அதற்குள் அக்கா வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்திருந்தார்.

அடுத்து நான் அவருக்குச் செய்தேன். வலது பக்க மூக்கில் எலும்பு வளைந்திருந்தது. தள்ளிப் பார்க்கக் கை பரபரத்தது, ஏனென்றால் பக்கம் மாற்றினால் தப்புச் செய்தவன் மாதிரி இருக்கும். தள்ளவில்லை. வெளியே எடுத்து இடது பக்கம் போனேன். கண்ணில் நீர் வழிய அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

கடைசிப் பகுதிக்கு நிஜ நோயாளி வந்தார். ரிட்டயர்டு பஸ் டிரைவர், அவரும் தமிழர்தான், அப்பா மாதிரியே ஸ்ட்ரோக். ஒவ்வொரு பரீட்சைக்கும் தானாகவே வந்து உட்காருவாராம்.

"என் தொண்டையைப் பார்க்காதவங்க இந்த ஊர்லயே கிடையாது. இன்னிக்கு என்ன கலர் தம்பி? போன தடவை நீலம்."

"பச்சை, ஐயா."

"பச்சைன்னா போகலாம்," என்று சிக்னலில் நிற்கிறவர் மாதிரி மூக்கைத் தூக்கிக் காட்டினார்.

குழாயை இறக்கினேன். பச்சைச் சாயம் கலந்த தண்ணீர் ஒரு ஸ்பூன் கொடுத்தேன். விழுங்கினார். திரை வெள்ளையாகி, தெளிந்தது. தொண்டையின் இடது பக்கப் பள்ளத்தில் கொஞ்சம் பச்சை தேங்கி நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நிரம்பி, விளிம்பைத் தாண்டி, அந்த இரண்டு நாடாக்களுக்கு நடுவில் சொட்டி, கீழே மூச்சுக்குழாயின் வளையங்கள் மேல் மெதுவாக இறங்கிப் போனது. நுரையீரலுக்குப் போகிற வழி அது.

இருமுவார் என்று காத்திருந்தேன்.

அவர் இருமவில்லை. நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் ஐஸ் போட்டிருக்கலாம்," என்றார்.

"இருமினாரா?" என்றார் தாடிக்காரர்.

"இல்லை சார்."

"அப்ப நல்லா முழுங்கறாரு, அப்படித்தானே?"

ஒரு செருமல்கூட இல்ல என்று அம்மா சொன்னது காதுக்குள் ஓடியது. பிறகு சொன்னேன். "இல்லை சார். உள்ள போயிருக்கு. போனதே அவருக்குத் தெரியலை. அந்த இடத்துக்கு உணர்ச்சி போயிடுச்சு, அதான் இருமல் வரலை."

"அடுத்து என்ன செய்வீங்க?"

டிரைவரை முயற்சி செய்து இருமச் சொன்னேன். பாதிப் பச்சை மேலே வந்தது. இடது பக்கம்தான் பலமில்லை என்பது தெரிந்தது. "ஐயா, பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கறப்ப இடது பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பீங்கல்ல? அப்படியே திரும்பிக்கிட்டு முழுங்குங்க," என்றேன்.

திரும்பினார். விழுங்கினார். திரை வெள்ளையானது. தெளிந்தபோது இடது பள்ளம் மூடிக் கிடந்தது. மூச்சுக்குழாயில் புதிதாக ஒரு பொட்டுப் பச்சை இல்லை. கழுத்தைக் கொஞ்சம் திருப்பியதற்கு, தண்ணீர் வழியை மாற்றிக்கொண்டு போயிருந்தது. எனக்கு ரோமம் சிலிர்த்தது.

டிரைவர் சிரித்தார். "வீட்ல தினமும் இப்படித்தான் குடிக்கறேன். நீயா கண்டுபிடிக்கறியான்னு பார்க்கத்தான் என்னை நேரா உட்காரச் சொல்லியிருந்தாங்க."

குழாய் இன்னும் மூக்கில் இருக்க, அவர் பேசிக்கொண்டே போனார். "முதல்ல எனக்கும் இருமல்தான் தம்பி. ஒருநாள் நின்னுச்சு. வீட்ல எல்லாருக்கும் ஒரே குஷி, கேக்கெல்லாம் வெட்டினாங்க. அடுத்த வாரம் நிமோனியா. என்னைத் தூக்கிட்டுத்தான் வந்தாங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது நாடா அசையவே இல்லை. வலது நாடா தன் எல்லையைத் தாண்டிப் போய், அசையாமல் கிடந்ததைத் தொட்டுத் தொட்டு அவருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கும்பிட வேண்டும் போலிருந்தது.

நேரம் முடிந்தது என்றார்கள். வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும் என்ற அவசரத்தில் எழுந்துவிட்டேன். "தம்பி," என்றார் டிரைவர், "போறதுன்னா உன் குழாயை எடுத்துட்டுப் போ."

ரிசல்ட் அடுத்த மாதம். அக்கா, "நீ பாஸ்டா," என்கிறார். தாடிக்காரர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வரும்போது வரட்டும்.

அப்பாவுக்கு இருமல் நின்றது நிஜமாகவே நல்லதாக இருக்கலாம். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் உள்ளே பார்க்காமல் அதை யாராலும் சொல்ல முடியாது, நான் உட்பட. சாயந்திரக் காய்ச்சல் வெயிலால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களே அவர் கழுத்தைத் திருப்பிவிட்டுத் தண்ணீர் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். எந்தப் பக்கம் என்பது ஆளுக்கு ஆள் வேறு, தப்பான பக்கம் திருப்பினால் இன்னும் மோசமாகும்.

அப்பா, என் மூக்கிலும் விட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். டெஸ்ட் செய்யும்போது திரையை உங்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். அம்மா பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

இதை முதலில் படிக்கிறவர் யாராக இருந்தாலும் சரி, அப்பா காபி கேட்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். இருமல் நின்றதையும் காய்ச்சலையும் சேர்த்தே சொல்லுங்கள். அதுவரை குடிக்க என்ன கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு, இன்றைக்கே அவரை அந்த டெஸ்டுக்குக் கூட்டிப் போங்கள்.