அச்சுக்கூடத்து மணி

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் அந்தப் பழைய பத்திரிகைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தைச் சாப்பாட்டுக்கடைக்கு வாடகைக்கு எடுத்ததே என் தம்பி தாரகனுக்காகத்தான். அவனுடைய அகதி வழக்கு தோற்றுவிட்டது. நிரந்தர வேலை காட்டினால் இங்கே இருக்கலாம், இல்லாவிட்டால் இலங்கைக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அவனைச் சமையலுக்கு வைக்க எங்களுக்கென்று ஒரு கடை வேண்டியிருந்தது.

எனக்குக் கட்டடம் பிடிக்கவேயில்லை. நூறு வருடப் பழசு. கரிய செங்கல், ஒடுங்கிய ஜன்னல்கள், ஒருகாலத்தில் விளம்பரம் வாங்கிய மண்டபத்தில் பச்சை ஓடு பதித்த தூண்கள். ஹிட்லரின் நாசிகள் யூத முதலாளியை விரட்டிவிட்டுப் பத்திரிகையைப் பறித்தார்கள், போரில் குண்டு விழுந்து மேல்தளங்கள் எரிந்தன, நிலவறை மட்டும் தப்பியது என்று வாசல் தகட்டில் எழுதியிருக்கிறது. இந்த இடத்திலா அடுப்பு மூட்டுவது என்று கேட்டேன்.

"விசர்க்கதை கதையாதை, கமலா. வேறை ஆர் எங்களுக்குக் கடை தாறான்?" என்றார் என் கணவர் உருத்திரமூர்த்தி.

அச்சு இயந்திரங்கள் ஓடிய நிலவறையில் பத்திரிகைக்காரர் இன்னும் பழைய இதழ்களை வைத்திருக்கிறார்கள். காகிதத்துக்குத் தண்ணீர் ஆகாதே. அதனால் புகை பட்டால் ஒரு வாயு பாய்ந்து, காற்றைத் துரத்தித் தீயை அணைக்கும். அதற்கு முன் மணி அடிக்கும், உள்ளே நிற்பவர்கள் ஓடிவிட வேண்டும். அந்த நாளில் இயந்திரம் ஓடத் தொடங்குமுன் அடித்த அதே வெண்கல மணி. பழமையைக் காக்கிறார்களாம்! கட்டடத்தைப் பராமரிக்கும் ஜேர்மன்காரர் இதையெல்லாம் என் கணவருக்கு விளக்கியிருக்கிறார். இவரும் "யா, யா" என்று தலையாட்டியிருக்கிறார். எங்களுக்கு வந்து சொன்னது, கீழே மேசை கதிரை வைக்க இடமிருக்கிறது என்பது மட்டும்.

கடை திறந்த அன்று காலை, வழக்கப்படி சனிமூலையில், வடகிழக்குப் பக்கமாக, பால் காய்ச்சினோம். அங்கே தரையில் ஓர் இரும்புக் கம்பித்தட்டி. நிலவறைக்குக் காற்று இழுப்பது அதன் வழியாகத்தான். சாம்பிராணிப் புகை மேலே வராமல் அதற்குள் இறங்கிப் போனது. கண் எரியவில்லை என்று சந்தோஷப்பட்டோம்.

"அக்கா, கதிரை காணாது. கீழை போய் எடுத்துக்கொண்டு வாறன்," என்று தாரகன் இறங்கினான்.

பால் பொங்கியது. அதே நேரம் காலுக்கடியில் மணி கணீரென்று அடித்தது. வந்தவர்கள் எல்லோரும் கைகூப்பினார்கள்.

"பாத்தியே, பால் பொங்க மணி கேக்குது! நல்ல சகுனம். இனித் தம்பிக்கு ஒரு குறையும் வராது," என்று என் கணவர் கண்கலங்கினார். நானும் நம்பினேன். மனமெல்லாம் குளிர்ந்து கற்பூரம் கொளுத்தினேன்.

மணி நின்றபின்தான் அந்த ஜேர்மன்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். முகமூடி போட்ட தீயணைப்புக்காரர் வரும்வரை யாரையும் கீழே இறங்க விடவில்லை. மூச்சடங்கிக் கிடந்த தாரகன், கதிரைகளை இறக்கி வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தானாம். ஏன் கழற்றினான் என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். மேலே பூசை மணி அடிக்கிறோம் என்று நினைத்து, என் தம்பி நின்ற இடத்திலேயே கும்பிட்டிருக்கிறான். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். என் கணவரின் முகத்தைப் பார்க்க இன்றைக்கும் எனக்கு மனமில்லை.

மரணச்சடங்கு ஒழுங்கு செய்கிற ஞானப்பிரகாசம் மறுநாள் வீட்டுக்கு வந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"அக்கா, உடலை ஊருக்கு அனுப்புறியளோ?"

"இல்லை," என்றேன். "அவனை அனுப்பக்கூடாதெண்டுதானே கடை எடுத்தனாங்கள்."