புதுச் சாமையின் முதல் பிடி

மலையில் புதுச் சாமை பொங்கும் நாளில், வீட்டார் எல்லோரும் வந்து சேரும்வரை யாரும் சாப்பிட மாட்டார்கள். சென்னையில் ஆய்வுக்கூட வேலையில் இருந்த பூங்காவனம், சனிக்கிழமை மாலைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் அன்று தோழி சாந்தாமேரியோடு சபாவில் நாடகம் பார்த்தாள். பிறகு ஒரு பெரிய ஓட்டலில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டாள். ஞாயிறு மதியம்தான் போளூரிலிருந்து மலையேறினாள்.

அடுப்பு மூட்டாமல் கிடந்தது.

"வாக்கா, பட்டணத்து மகராசி," என்றான் தம்பி சின்னதம்பி. "நேத்துலேர்ந்து உன் பேரச் சொல்லித்தான் பச்சத்தண்ணி குடிக்கிறோம்."

"பஸ்ஸ வுட்டுட்டேன்டா."

"அவள வம்புக்கு இழுக்காத. அவளும் பட்டினியாத்தான் வந்திருப்பா," என்றாள் அம்மா கெங்கம்மாள்.

சாமை வெந்ததும் சாமிக்குப் படைத்துவிட்டு, அம்மா முதல் பிடியை மகளிடம் நீட்டினாள். பட்டினி கிடந்தவர்கள்தான் அதை வாங்கலாம்.

பூங்காவனம் கை நீட்டவில்லை. "பஸ்ஸ வுடலம்மா. நாடகம் பாத்துட்டு ஓட்டல்ல சாப்ட்டேன்."

அம்மா அந்தப் பிடியைச் சின்னதம்பிக்குக் கொடுத்தாள். பிறகு எல்லோருக்கும் பரிமாறினாள். மகளுக்கும் போட்டாள்.

"அந்த ஓட்டல்ல இன்னா குடுத்தாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"சூப்பு. கடைசில ஐஸ்கிரீம்."

"நல்லா இருந்துதா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் எளிதாக இருக்கும்.

"நல்லா இருந்துதும்மா."

அம்மா தலையாட்டிவிட்டுத் தன் இலையின் முன் உட்கார்ந்தாள்.