புரொபசர் மாட்டிய பிரேக்

மனிதகுலத்தின் மேலான கவனத்துக்கு: புரொபசர் பிரித்து மாட்டிய பிரேக்கில் காற்று நுழையாது. இது பட்டறை வாசலில் நின்று அவரே வெளியிட்ட அறிவிப்பு. மைக் மட்டும்தான் இல்லை.

புரொபசர் எந்தக் கல்லூரிப் படியையும் மிதித்தவர் அல்ல. மோட்டார்சைக்கிள் மெக்கானிக். ஸ்பேனரைத் தொடுமுன் அரை மணி நேரம் பேசுவார் என்பதால் அந்தப் பட்டம். தங்கை கணவரின் வண்டியில் முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக்கைப் பிரித்து, புது சீல், புது பிஸ்டன், புது ஆயில் எல்லாம் போட்டார். கடைசியில் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்; இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காது. செய்யவில்லை. காற்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் கௌரவம் என்ன ஆவது?

மறுநாள் காலை, இறக்கத்தில் மாப்பிள்ளை முன் பிரேக்கைப் பிடித்தார். லிவர் கொழகொழவென்று கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. வண்டியை நிறுத்தும் பொறுப்பை எதிரே நின்ற லாரி ஏற்றுக்கொண்டது. பின்னால் இருந்த மனைவிக்குக் கை முறிந்தது. மாப்பிள்ளைக்கு முன்பல் இரண்டு போயிற்று.

மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, வாயெல்லாம் ரத்தமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்தார்.

"மச்சான், ஒரே ஒரு வார்த்தை. தப்பு என்னோடதுன்னு சொல்லிடுங்க. போயிடறேன்."

புரொபசர் ஹேண்டில்பாரில் இருந்த பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். லிவரை இரண்டு விரலால் அமுக்கினார்.

"சிஸ்டம் பக்கா, மாப்பிள்ளை. உங்க விரல்லதான் பலம் போதலை."

மாப்பிள்ளை அவர் தலைமுடியைப் பிடித்து இரும்பு அலமாரியில் மோதினார். நட்டும் போல்ட்டும் மழையாகக் கொட்டின. புரொபசர் செயினை எடுத்து வீசினார். அது மாப்பிள்ளையின் காதைக் கிழித்துவிட்டுப் போயிற்று. இருவரும் ஆயிலில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி அடித்துக்கொண்டார்கள். கடைசியில் மாப்பிள்ளை மச்சானின் வலது கையை முறுக்கி ஹேண்டில்பாரில் வைத்தார்.

"உங்க விரல்லதான் பலம் இருக்கே! நீங்களே பிடிங்க."

லிவர் முழுக்க அமுங்கும்படி, விரல்களோடு சேர்த்துப் பழைய டியூபால் இறுக்கிக் கட்டினார். இடது கை அவிழ்க்க வராதபடி அதை இன்னொரு டியூபால் இடுப்போடு கட்டினார். ஏதோ மளுக்கென்றது. புரொபசர் அலறினார்.

"தப்புன்னு சொல்லுங்க, அவுத்துடறேன்."

"சொல்ல... மாட்டேன்."

"அப்ப நில்லுங்க." மாப்பிள்ளை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம், கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்த புரொபசரின் தங்கையை அழைத்து வந்து, ஷட்டரைத் தூக்கி டியூப்களை அறுத்தார். திறந்திருந்த ஆயில் கிண்ணத்தில் குபுகுபுவென்று குமிழ்கள் வெடித்தன. அமுங்கிக் கிடந்த நேரத்தில் காற்றெல்லாம் மெல்ல மேலேறி வந்திருக்கிறது. தங்கை லிவரை அமுக்கிப் பார்த்தாள். கல்லு.

"காத்தே இல்லைன்னியே அண்ணே, இது என்ன?"

புரொபசரின் இரண்டு விரல்கள் கத்தரிக்காயாக வீங்கி, வேறு வேறு திசையைக் காட்டின. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இதுதான் என் முறையோட கடைசிக் கட்டம். கட்டி வெச்சுத்தான் காத்தை எடுக்கணும். மாப்பிள்ளை அவசரப்பட்டுட்டாரு."

தங்கை கணவரைப் பார்த்தாள்.

"அப்படின்னா பின் பிரேக்? அதுவும் கொழகொழன்னுதானே இருக்கு?"

மாப்பிள்ளை தரையில் கிடந்த டியூபை எடுத்து உதறினார்.

"தப்பு என்னோடதுதான்! நூறு சதவீதம் என்னோடது!" என்றார் புரொபசர்.

பின் பிரேக் காலால் மிதிப்பது.