ஊதிப் பெரிசாக்காதே

வாயுவை அளக்கும் கருவியின் திரையில், கோட்டில் எழுந்த அந்தச் சின்ன மேட்டைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரவே கூடாத மேடு அது.

மூன்று வருஷமாக உயிரைக் கொடுத்து அவள் செய்தது ஒரு மஞ்சள் பொடி. உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். அவற்றில் கரியமில வாயு புகுந்து வெயிலும் பட்டால், எரிபொருளுக்கு ஆகும் வேறொரு வாயுவாக மாறும். மாறுகிறது என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். கடைசியாக ஒரே ஒரு சோதனை பாக்கி. கரியமில வாயுவே இல்லாமல், எதனோடும் சேராத ஆர்கான் வாயுவை மட்டும் குடுவையில் நிரப்பி, வெயிலுக்குப் பதிலான விளக்கடியில் வைக்க வேண்டும். ஒன்றும் வரக் கூடாது. வந்தால், பொடியேதான் சிதைந்து அந்த வாயுவைக் கக்குகிறது என்று அர்த்தம். நாளை மறுநாள் கூட்டத்தில் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் இதைத்தான் முதலில் கேட்பார். பதில் இல்லையென்றால் ஆய்வுக்கு மூடுவிழா.

இரண்டு முறை செய்தாயிற்று. இரண்டு முறையும் மேடு.

குடுவைகளைத் தயார் செய்தது அவள் கணவர். அதே ஆய்வுக்கூடத்தில் அடுத்த மேசை. வீட்டில் சாவியைத் தொலைப்பார், இங்கே மூடிகளை. எதையும் ஊதித் தள்ளுகிற ஆள்.

"கொஞ்சூண்டு மேடுதானே! இதைப் போய் ஊதிப் பெரிசாக்காதே" என்றார்.

"கொஞ்சூண்டா? என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க. என்னதான் பண்ணித் தொலைச்சீங்கன்னு என் கண்ணு முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

அலுத்துக்கொண்டே செய்தார். பொடியைப் போட்டார், காற்றை உறிஞ்சி எடுத்தார், ஆர்கானை நிரப்பினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. விளிம்பில் பொடி ஒட்டியிருந்ததில் மூடி மட்டும் சரியாக உட்காரவில்லை. மூடியைத் தூக்கினார். 'ஃபூ' என்று ஓர் ஊது ஊதினார். மூடினார்.

"ஐயோ! இப்ப என்ன பண்ணீங்க?"

"தூசி தட்டினேன். ஏன்?"

"உங்க மூச்சுல என்ன இருக்கு?"

"கரி... கரியமில வாயு" என்று இழுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்லும் பதில்தான். இந்த லட்சணத்தில் அவர்கள் வீட்டில் இரண்டு முனைவர் பட்டங்கள் மாட்டியிருந்தன. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த குடுவையை அவளே தயார் செய்தாள். விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஆர்கானை நிரப்பினாள். அவரை வாசலுக்கு அப்பால் நிற்க வைத்தாள். சாயங்காலம் திரையில் கோடு தட்டையாக ஓடியது. பொடி சிதையவில்லை. சந்தோஷத்துக்குப் பதில் அவளுக்கு அழுகைதான் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் உறைத்தது. இத்தனை நாளும் சிலிண்டரிலிருந்து சுத்தமான கரியமில வாயுவை வாரி இறைத்திருக்கிறாள். இந்த மனுஷனின் ஒரு வாய் மூச்சில் அது எவ்வளவு இருந்துவிடும்? அந்தத் துளியையும் பொடி விட்டுவைக்காமல் எரிபொருளாக மாற்றியிருக்கிறது.

புதிதாக ஒரு குடுவையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஊதுங்க."

"என்ன, குத்திக் காட்டறியா?"

"இல்லைங்க, நெஜமாத்தான். கூட்டத்துல காட்டணும். இந்தத் தடவை நல்லா ஊதிப் பெரிசாக்குங்க."

அவள் முகத்தைப் பார்த்த பயத்தில் அவருக்கு மூச்சே வரவில்லை.